அக்ரிலிக் உருளை வாங்கிய டோஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளில் நான்கைந்து வரிகள் கொண்ட ஒரு பக்கம். அவருடைய ஐந்து வயதுப் பேத்தி சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்திவிட்டது. கல்லீரலிலோ மண்ணீரலிலோ கிழிசல் இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்து மறுநாளே குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படங்களோடு வந்த கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் அண்ணாச்சிக்குக் கலக்கம். "தம்பி, கடைசி வரியில 118-ன்னு போட்டிருக்கு. பிள்ள உடம்புல அவ்வளவும் ஏறிட்டா?" என்று குரல்பதிவில் கேட்டிருந்தார்.

நான் மும்பையில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். கதிர்வீச்சுக் கருவிகள் எவ்வளவு டோஸ் தருகின்றன என்று அளப்பதும், அளந்ததைப் பதிவேட்டில் எழுதிவைப்பதும் என் வேலையில் பெரும்பகுதி. ஆனாலும் அண்ணாச்சியின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த எண்கள் எவையும் அவருடைய பேத்தியைப் பற்றியவை அல்ல என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

118 என்பது மில்லிகிரே-சென்டிமீட்டர் கணக்கிலான டிஎல்பி, அதாவது டோஸை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது. அதற்கு இடப்பக்கக் கட்டத்தில் 4.2 என்று ஓர் எண் இருந்தது; அது சிடிடிஐ-வால்யூம் என்ற டோஸ் அளவு, மில்லிகிரேயில் (ஒரு கிலோவுக்குள் எவ்வளவு கதிர் ஆற்றல் இறங்குகிறது என்பதன் அலகு). ஸ்கேன் செய்த நீளம் 28 செ.மீ. 4.2-ஐ 28-ஆல் பெருக்கினால் 118 கிடைத்துவிடும்; அதற்கு மேல் அந்த எண்ணில் மர்மம் ஒன்றும் இல்லை. இவற்றுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் விடப் பொடி எழுத்தில், "ஃபேன்டம் 32 செ.மீ." என்று இருந்தது. அந்தப் பக்கத்திலேயே முதலில் படிக்க வேண்டியது அந்த 32-ஐத்தான். நோயாளிகளை விடுங்கள், மருத்துவர்களில்கூடப் பலர் அதைக் கவனித்து நான் பார்த்ததில்லை.

ஃபேன்டம் என்பது அக்ரிலிக்கால் ஆன உருளை. தலைக்கு 16 செ.மீ. விட்டம், உடலுக்கு 32 செ.மீ. விட்டம் என இரண்டு அளவுகளில் இருக்கும். நீளம் சுமார் 15 செ.மீ. பெரியதைத் தூக்கினால் பதினான்கு கிலோவுக்கு மேல் கனக்கும். புறநோயாளிகள் வருகை ஓய்ந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்கேன் அறை எனக்குக் கிடைக்கும்போது அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்து, லேசர் கோடுகள் அதன் நடுவில் வெட்டிக்கொள்ளும்படி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவேன். உருளையின் நடுவில் ஒரு துளையும், விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி, கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு துளைகளும் உண்டு. ஒரு துளையில் பென்சில் போன்ற 100 மி.மீ. நீள அயனியாக்கக் கலத்தைச் செருகி, மற்ற நான்கையும் அக்ரிலிக் தண்டுகளால் அடைத்து, மேசையை நகர்த்தாமல் எக்ஸ்ரே குழாயை ஒரே ஒரு சுற்று சுற்றவிட்டு எலக்ட்ரோமீட்டரில் வரும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த துளை. 32 செ.மீ. உருளையில் விளிம்பில் வரும் அளவு நடுவில் வருவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும், 16 செ.மீ. உருளையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 6 மணித் துளையில் மட்டும் எப்போதும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் கீழிருந்து வரும் கதிரை மேசை ஓரளவு விழுங்கிவிடுகிறது. நடு அளவில் மூன்றில் ஒரு பங்கு, விளிம்பு அளவுகளின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு என்று கூட்டி, அதை, மேசை நகர நகரக் குழாய் உடலைச் சுற்றிப் போடும் சுருளின் நெருக்கத்தைக் குறிக்கும் பிட்ச் என்ற எண்ணால் வகுத்தால் சிடிடிஐ-வால்யூம் வந்துவிடும். திரையில் கருவி காட்டும் எண்ணும் நான் அளந்த எண்ணும் 20 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். இந்தச் சோதனையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அந்த வாரியத்தின் தலைமையகம் இதே மும்பையில் அணுசக்தி நகரில் இருக்கிறது; நான் கதிர்வீச்சு இயற்பியல் பட்டயம் படித்ததும் அந்த வளாகத்தில்தான்.

சிடிடிஐ என்ற இந்த அளவுகோலை 1981-இல் அமெரிக்காவில் ஷோப், காக்னே, ஜான்சன் என்ற மூவர் முன்வைத்தார்கள். சிடி ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்துப் பத்தாண்டுகள்கூட ஆகியிராத காலம். ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட, எல்லாரும் ஒரே மாதிரி அளக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டியிருந்தது. அதற்கு அக்ரிலிக் உருளை போதும். அந்த எண் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நோயாளியின் பெயருக்கு நேராக அச்சாகி, தாராவியில் ஒரு தாத்தாவின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. பேத்தியின் ஸ்கேனுக்கு வைத்த அதே மின்னழுத்தம், அதே மின்னோட்டத்தில் 32 செ.மீ. அக்ரிலிக் உருளையை ஸ்கேன் செய்திருந்தால் அந்த உருளைக்குள் சராசரியாக எவ்வளவு ஆற்றல் இறங்கியிருக்கும் என்பதுதான் 4.2 மில்லிகிரே.

உருளையின் விட்டத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தத் தவறால் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்பு நான் இருந்த மருத்துவமனையில் இரண்டு நிறுவனங்களின் சிடி கருவிகள் இருந்தன. குழந்தைகளின் வயிற்று ஸ்கேன்களை ஆறு மாத காலத்துக்குத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு கருவியின் சராசரி சிடிடிஐ மற்றதைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற உற்சாகத்தில் வண்ண வரைபடங்களோடு அறிக்கை தயாரித்து, குழந்தைகளை இனி அந்தக் கருவியில் ஏற்றக்கூடாது என்று பரிந்துரையும் எழுதிவிட்டேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் என் மேலதிகாரி அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் எந்த ஃபேன்டம்?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால், ஒன்று குழந்தைகளுக்கு 16 செ.மீ. உருளையைக் கொண்டு கணக்கிட்டது. மற்றது எல்லா வயதினருக்கும் 32 செ.மீ. உருளையைக் கொண்டு. ஒரே கதிர் அளவுக்குச் சின்ன உருளையின் எண் பெரிய உருளையின் எண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரும். கருவிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே டோஸைத்தான் தந்துகொண்டிருந்தன. அறிக்கையை நானே கிழித்தேன். பரிந்துரை வெளியே போயிருந்தால், ஒழுங்காக வேலை செய்த கருவியை ஒதுக்கிவைத்த பெருமை எனக்குச் சேர்ந்திருக்கும்.

சின்ன உருளையில் ஏன் அதிகம் என்பதை விளக்குவது எளிது. பருமனான உடலில் வெளிச்சதை கதிரைத் தடுத்து உள்ளுறுப்புகளுக்கு ஓரளவு மறைப்பாக நிற்கிறது. ஒல்லியான உடலில் அந்த மறைப்பு இல்லை. ஆகவே கருவியின் அமைப்பு மாறாத வரை, சின்ன உடம்புக்குள் டோஸ் கூடும். இதைத் திருத்திக்கொள்ள அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் தன் 204-ஆம் அறிக்கையில் ஓர் அட்டவணை வெளியிட்டது. நோயாளியின் முன்பின் தடிமனையும் பக்கவாட்டு அகலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஒரு விட்டம் கிடைக்கும். அந்த விட்டத்துக்கு நேரே உள்ள எண்ணால் சிடிடிஐ-யைப் பெருக்கினால் உடல் அளவுக்கு ஏற்ற டோஸ் மதிப்பீடு கிடைக்கும். 2014-இல் வந்த 220-ஆம் அறிக்கை, வெறும் அளவை விட்டுவிட்டு, அந்த உடல் எவ்வளவு தண்ணீருக்குச் சமமாகக் கதிரைத் தடுக்கிறது என்று பார்க்கச் சொன்னது. நெஞ்சுப் பகுதியில் இந்தத் திருத்தம் அவசியம், ஏனென்றால் நுரையீரலில் பெரும்பகுதி காற்று.

குழந்தைகளுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல இது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள நம் ஊர்ப் பெண்மணி ஒருவருக்கு முன்பின் 18 செ.மீ., பக்கவாட்டில் 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விட்டம் 22.4 செ.மீ.; பெருக்கும் எண் 1.6. திரையில் 10 மில்லிகிரே என்று இருந்தால் உண்மையில் 16. மாறாக, 40 செ.மீ. விட்டமுள்ள பருமனான ஒருவருக்குப் பெருக்கும் எண் 0.85 மட்டுமே. படம் தெளிவாக வருவதற்காக அவருக்குக் கருவி தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டியிருக்கும். திரையில் எண் பெரிதாகத் தெரியும். உள்ளுறுப்பு வாங்கியதோ அதைவிடக் குறைவு. ஒல்லியானவருக்குச் சின்ன எண், பருமனானவருக்குப் பெரிய எண் என்று திரை காட்டும் இடைவெளியில் ஒரு பகுதி உருளையின் வேலை.

அண்ணாச்சியிடம் பேத்தியின் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஃபிலிமின் ஊடாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் லுங்கியும் நீலக் குடம் ஒன்றும் மங்கலாகத் தெரிந்தன. அதற்கு நடுவே கல்லீரலின் மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டு. ஃபிலிமின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள் அச்சாகியிருக்கும். கைப்பேசித் திரையில் பெரிதாக்கி, மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த அடிக்கோலால் அந்தக் கோடுகளையும் வயிற்றையும் அளந்து விகிதம் போட்டேன். பக்கவாட்டில் 18 செ.மீ., முன்பின் 14 செ.மீ. விட்டம் 15.9. பெருக்கும் எண் 2.07. ஆக, 4.2 அல்ல, 8.7 மில்லிகிரே. இந்த முறையிலேயே 10 முதல் 20 விழுக்காடு வரை பிழைக்கு இடம் உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் அளந்த என் அடிக்கோலின் பிழை தனி. அதை முழு எண்ணாக்கி ஒன்பது என்று வைத்துக்கொண்டேன்.

மில்லிகிரேயிலிருந்து மில்லிசீவர்ட்டுக்குப் போகும் படியில் இன்னொரு வழுக்கல் காத்திருக்கிறது. டிஎல்பி-யை ஓர் எண்ணால் பெருக்கினால், உறுப்புகளுக்கு வரக்கூடிய பாதிப்பையும் கணக்கில் கொண்டு மில்லிசீவர்ட்டில் சொல்லும் பயனுறு டோஸ் வந்துவிடும் என்று எல்லாப் பாடநூல்களிலும் அட்டவணை இருக்கும்: பெரியவர்களின் தலைக்கு 0.0021, நெஞ்சுக்கு 0.014, வயிற்றுக்கு 0.015. இந்த அட்டவணையைப் பார்த்தால்தான் தலை ஸ்கேனைப் பற்றிய வீண்பயம் போகும். தலைக்குத் திரையில் 55 அல்லது 60 மில்லிகிரே என்று காட்டும், வயிற்றுக்கு 12 என்று காட்டும். ஆனால் தலையின் டிஎல்பி 900 என்றாலும் 1.9 மில்லிசீவர்ட்தான், வயிற்றின் டிஎல்பி 540 என்றால் 8.1 மில்லிசீவர்ட். கதிரால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் வயிற்றிலும் நெஞ்சிலும் அதிகம் என்பதே காரணம். ஐந்து வயதுக் குழந்தையின் வயிற்றுக்கு அட்டவணை தரும் எண் 0.020. 118-ஐ அதனால் பெருக்கினால் 2.4 வரும். மனம் நிம்மதி அடையும். ஆனால் அது தவறு. அந்த அட்டவணையில் குழந்தைகளுக்கான எண்கள் எல்லாம் 16 செ.மீ. உருளையை அடிப்படையாகக் கொண்டவை. அட்டவணையின் அடிக்குறிப்பில் அது இருக்கிறது. 32 செ.மீ. உருளையில் கணக்கிட்ட டிஎல்பி-யை முதலில் இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் அந்த எண்ணைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் 4.7. உலகச் சராசரியாக ஒரு மனிதர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். ஆக, சுமார் இரண்டு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம்.

இந்த மில்லிசீவர்ட் கணக்கையும் தனி ஒருவர் தலையில் கட்டக்கூடாது. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் கணக்குக்கு மாதிரியாக வைத்திருக்கும் மேற்கோள் ஆண் 176 செ.மீ. உயரமும் 73 கிலோ எடையும் கொண்டவர். மேற்கோள் பெண் 163 செ.மீ., 60 கிலோ. பயனுறு டோஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரி எடுத்து, எந்த உறுப்பு கதிரால் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதற்கு எல்லா வயதினருக்கும் பொதுவான எடைகளைப் (பெருக்கும் எண்களைப்) போடுகிறார்கள். அந்த எடைகளும் மாறாதவை அல்ல. மார்பகத்துக்கு 1990-இல் 0.05 என்று இருந்தது 2007-இல் 0.12 ஆயிற்று. ஒரே ஸ்கேன், ஒரே உடம்பு. விதி மாறியதால் எண் மாறுகிறது. மேற்கோள் மனிதருக்கே இந்தக் கணக்கில் 40 விழுக்காடு வரை நிச்சயமின்மை உண்டு என்று சொல்லப்படுகிறது. ஸ்கேன் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல கருவி. ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க அல்ல.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, டெல்லி எய்ம்ஸின் இயக்குநர் ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். கதிரியக்கவியல் மருத்துவர்களின் சங்கம் அதை மறுத்து, இன்றைய குறைந்த டோஸ் ஸ்கேன் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்றது. செம்பூரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். வழக்கமான நெஞ்சு ஸ்கேன் 7 மில்லிசீவர்ட், நேராக எடுக்கும் ஒற்றை எக்ஸ்ரே 0.02 என்று கொண்டால் 350 வரும். குறைந்த டோஸ் ஸ்கேன் 1 மில்லிசீவர்ட், நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரே ஜோடி 0.1 என்று கொண்டால் 10 வரும். எதை எதால் வகுக்கிறோம் என்று சொல்லாமல் ஈவை மட்டும் சொன்னால் இரு தரப்பும் கடைசிவரை சண்டை போடலாம். என்னிடம் கேட்டிருந்தால், அவசியமில்லாமல் எடுக்காதீர்கள் என்ற இயக்குநரின் அறிவுரையை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே கணக்கை இரண்டு தரப்பிடமும் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வாங்கியது என்று துல்லியமாக அறிய மான்டே கார்லோ கணக்கீடு இருக்கிறது. கணினிக்குள் ஓர் உடலை நிறுத்தி, கோடிக்கணக்கான கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பி, எது எங்கே மோதி எங்கே ஆற்றலை இறக்கியது என்று எண்ணும் முறை. பழைய கணக்கீடுகளில் அந்த உடல் உருளையும் நீள்வட்டமுமாக ஒட்டவைத்த பொம்மை. பிறகு உண்மையான மனிதர்களின் ஸ்கேன்களிலிருந்து செய்த உடல்கள் வந்துவிட்டன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கணினிக்குள் இருப்பவரும் மேசையில் படுத்திருப்பவரும் வேறு வேறு ஆள்கள் என்பது மாறவில்லை. ஸ்கேன் அறையில் வேலை செய்யும் எங்கள் சட்டையில் வாங்கும் கதிரைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் தொங்குகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துக் கணக்குச் சொல்கிறார்கள். கதிரை நேராக வாங்கும் நோயாளிக்கு எதுவும் தொங்குவதில்லை, தொங்கவிட்டாலும் உள்ளே கல்லீரல் வாங்கியதை அது சொல்லாது. ஆகவே நோயாளியின் டோஸ் எப்போதும் மதிப்பீடுதான்.

கணக்கை விட மேசையருகே நடப்பவற்றுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். அவசரத்தில் நோயாளியைக் கருவியின் மையத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ படுக்கவைத்துவிட்டால், முதலில் எடுக்கும் ஸ்கவுட் படத்தில், எக்ஸ்ரே குழாய்க்கு அருகில் வந்துவிட்ட உடல் நிஜத்தை விடப் பெரிதாகத் தெரியும். கருவி அதை நம்பி, பருமனானவர் என்று எண்ணி மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். மையத்துக்குக் கொண்டுவரப் பத்து நொடிதான் ஆகும். அந்தப் பத்து நொடி மிச்சப்படுத்தும் டோஸ், என் திருத்த எண்கள் எல்லாம் சேர்ந்து கண்டுபிடிக்கும் வித்தியாசத்துக்குக் குறைந்ததல்ல.

மாலையில் அண்ணாச்சியை அழைத்துப் பேசினேன். 118 என்பது குழந்தையின் உடம்பில் ஏறியது அல்ல என்றும், ஸ்கேன் செய்த பகுதியின் உறுப்புகள் சுமார் ஒன்பது மில்லிகிரே வாங்கியிருக்கும் என்றும், ஐந்து வயதுக் குழந்தையின் வயிற்று ஸ்கேனுக்கு அது கவனமாக எடுத்த அளவுதான் என்றும், கல்லீரல் கிழிந்திருந்து தெரியாமல் போயிருந்தால் அதுவே பெரிய ஆபத்து என்றும் சொன்னேன். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தூக்கி எறியாமல், 32 செ.மீ. என்பது மறையாமல் படம் பிடித்து, தடுப்பூசி அட்டையோடு வைக்கச் சொன்னேன். "அப்ப ஒம்பதுதான, 118 இல்லயே?" என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். இரண்டும் ஒரே அலகில் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இந்த முறை அல்ட்ராசவுண்ட் மட்டும். அந்த அறிக்கையையும் அண்ணாச்சி முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இதில் டோஸ் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தார்.